நீர்மாலைக்கு வராத தண்ணீர்

அந்த ஹோட்டலின் இணையப் பக்கத்தில் இன்றைக்கும் என் முதுகு இருக்கிறது. பாறைக் குகையின் வாயில், இடுப்பளவுத் தண்ணீரில், சட்டையில்லாமல், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறேன். முகம் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, என் முதுகை எனக்குத் தெரியாதா? படத்துக்குக் கீழே கண்ட கண்ட ஊர்க்காரர்கள் எல்லாம் எந்த இடம், எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். படத்தை எடுத்துவிடுங்கள் என்று மூன்று தடவை எழுதிப் போட்டேன். மூன்று தடவையும் ஒரு சிரித்த முகத்தைப் பதிலாக அனுப்பினார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் எனக்குக் 'கேத்தல்' என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. கொதித்துவிட்டு ஆறிப்போவேன் என்பது என் மனைவியின் கணிப்பு. இந்த ஒரு விஷயத்தில் அவளுடைய கணிப்பு தப்பு. நான் ஆறவில்லை. அந்த ஹோட்டல் மேல் எனக்குக் கோபம், என் மச்சினன் மேல் கோபம், ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர்களின் வாசலுக்கு ஒரு நல்ல குழாய் போட்டுக் கொடுக்காத எல்லோர் மேலும் கோபம். இத்தனை பேர் மேலும் கோபப்பட்டு முடித்த பிறகும், கடைசியில் அது சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நிற்கிறது. அதுதான் தாங்கவில்லை.

யோசனை மச்சினனுடையது. மனைவியின் தம்பி, இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் கடைக்கு மேல்மாடியில் பிறந்து வளர்ந்தவன், போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. முதுகில் மூட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் சுற்றும் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது.

"மச்சான், நம்ம மலைய அவனுங்க சுத்திப் பாக்குறானுங்க. நாம மட்டும் என்னா பாவம் செஞ்சோம்?" என்றான்.

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நான் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவன். இப்போது ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். பிறந்த தோட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றாம் நம்பர் மலை, இரண்டாம் நம்பர் மலை, கொழுந்து நிறுக்கும் மடுவம், பள்ளிக்கூடம், சுடுகாடு. காட்டுக்குள் குகை இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? மலை என்றாலே வேலைதான். அதைச் சுற்றிப் பார்க்கப் போகிறவனைப் பைத்தியம் என்பார்கள். அந்தப் பைத்தியத்தை நாற்பது வயதில் செய்து பார்ப்போமே என்று நானும் மூன்று நாள் லீவு போட்டேன்.

ஹட்டனிலிருந்து புறப்பட்டோம். பாதித் தூரம் மிதித்தோம், மீதித் தூரம் தள்ளினோம். என்னுடையது கியர் எப்போதோ செத்துப்போன சைக்கிள், அவனுடையது இரவல். மூட்டையில் எனக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் மாற்றுத் துணியும். அவனுக்கு இரண்டு போன், மூன்று சார்ஜர், ஒரு பெரிய போத்தல் ஷாம்பு. ஆப்பிள் வாசம் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டான். முதல் நாள் அவன் போனில் காட்டிய குகை, நானுஓயாவுக்கு இந்தப் பக்கம், நாலு பேர் ஒதுங்குகிற அளவுக்கு ஒரு பாறையிடுக்கு. உள்ளே சாராயப் போத்தல்கள். இரண்டாம் நாள் காட்டிய நீச்சல் குளத்தில் ஒருவர் டிரக்டர் கழுவிக்கொண்டிருந்தார். மச்சினனை அப்போதே இரண்டு அடி போட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அரைக் காற்சட்டை, முதுகில் மூட்டை. இந்தக் கோலத்தில் தோட்டத்துக் கேட்டுகளைக் கடக்கும்போது காவலாளிகள் எழுந்து நின்றார்கள். "குட் மோர்னிங் சார்" என்றார்கள். சின்ன வயதில் இதே மாதிரிக் கேட்டுகளில் என்னை விரட்டியிருக்கிறார்கள். துரை பங்களா வேலிக்கு வெளியே விழுந்து கிடந்த பேரிக்காயைப் பொறுக்கியதற்காக என் அப்பாவைக் கூப்பிட்டு வைத்துத் திட்டியிருக்கிறார்கள். இப்போது சலாம். எனக்கு அது இனித்தது. இரண்டாம் நாளிலிருந்து தோட்டத்துக் கேட் வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. தலையை மட்டும் அசைப்பேன். தமிழில் ஒரு வார்த்தை பேசினால் சலாம் போய்விடுமே.

மூன்றாம் நாள் கந்தப்பளைக்கு மேலே ஏறினோம். வெயில் வந்து, பனி முழுவதும் விலகியிருந்தது. வேலை நாள். கொழுந்து பறிக்கும் பருவத்தில் நின்றது. ஆனால் மலையில் ஒரு ஆள் இல்லை. கூடை இல்லை, கங்காணியின் சத்தம் இல்லை.

"பாருங்க மச்சான், ரோட்டுல ஒரு குஞ்சு இல்ல. படம் எடுக்க என்னா நல்லா இருக்கு!" என்றான் அவன்.

டவுனில் வளர்ந்தவன், அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேலை நாளில், கொழுந்து நிற்கும்போது, மழையும் இல்லாமல், திருவிழாவும் இல்லாமல் மலை காலியாகக் கிடந்தால் தோட்டத்தில் சாவு. ஒருவர் செத்தால் அன்றைக்கு யாரும் மலைக்குப் போக மாட்டார்கள். லயத்தில் பிறந்த எந்தக் கழுதைக்கும் இது தெரியும். எனக்கும் மனதில் ஒரு ஓரத்தில் தட்டியது. தட்டியதை அப்படியே விட்டுவிட்டு மிதித்தேன்.

பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி வைத்திருந்தார்கள். அதன் வேலிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. குகை, இயற்கைக் குளம், நீந்தலாம் என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதி, ஒரு அம்புக்குறி. சைக்கிள்களை அங்கே பூட்டிவிட்டுத் தேயிலைக்கு நடுவே ஏறி, காட்டுக்குள் நுழைந்தோம். கொஞ்ச தூரத்தில் பாறை ஒன்று கூரை மாதிரி வெளியே நீண்டு நின்றது. அதற்கு அடியில் குகை. வாசலில் சந்தனம் பூசிய ஒரு கல்லும் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தியும் இருந்தன. தேயிலைச் செடியை வெட்டிவிடும் காலத்தில் கும்பிடுகிற சாமி. குகைக்குள்ளிருந்து தண்ணீர் வந்து, வாசலில் ஒரு குளமாகத் தேங்கி, பாறை வழியாகக் கீழே இறங்கியது. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. மூன்று நாளில் முதல் தடவையாக மச்சினன் சொன்னது நிஜமாக இருந்தது.

குளத்துக்குள் ஒரு கறுப்பு பைப் கிடந்தது. அதன் வாயில் படுக்கைக்குக் கட்டும் பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றைச் சுற்றி, சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். மேலே ஒரு கல்லை வைத்து அமுக்கியிருந்தார்கள்.

"மச்சான், இந்தப் பைப்பு படத்துல அசிங்கமா விழுது."

நான்தான் எடுத்தேன். மச்சினன் மேல் எத்தனை கோபப்பட்டாலும், கல்லைத் தள்ளிப் பைப்பைத் தூக்கிப் பாறைமேல் போட்டது என் கை. ஹோட்டல்காரனுடையதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்த ஹோட்டல்காரன் சேலைக் கரையைக் கிழித்துப் பைப் கட்டுவான்? எங்கள் வீட்டுப் பைப்பை அம்மா கட்டியதும் அதே மாதிரித்தானே.

தண்ணீர் எலும்பைக் கடித்தது. கத்தினோம், குதித்தோம். மச்சினன் அரைப் போத்தல் ஷாம்புவைத் தன் தலையில் கொட்டிக்கொண்டு மீதியை என் தலையில் கொட்டினான். நுரை குளம் முழுவதும் பரவியது. நான் கையை விரித்துக்கொண்டு நிற்க, அவன் படமெடுத்தான். அங்கே சிக்னல் இருந்தது. ஈரக் கையோடேயே படத்தை ஏற்றி, ஹோட்டலின் பெயரையும் சேர்த்துவிட்டான்.

கீழேயிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கோயில்ல என்னமோ விசேஷம் போல," என்றான்.

"சாவு அடிடா அது," என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் முங்கினேன். இதை எழுதும்போது எனக்கு என் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. சாவு அடி என்று தெரிகிறது, மலை காலி என்று தெரிகிறது, பைப் யாருடையது என்றும் தெரிகிறது. எல்லாம் தெரிந்த ஒருவன் ஆப்பிள் வாசத்தோடு முங்குகிறான். கொஞ்ச நேரத்தில் தப்பு நின்றுபோனதையும் நான் கவனித்தேன்.

பிறகும் நிறைய நேரம் போயிருக்கும். செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு பெண் ஏறி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ரப்பர் செருப்பு, தலையில் துவாய், கையில் ஒரு சின்னக் கத்தியும் டயர் டியூப்பில் வெட்டிய ரப்பர் பட்டைகளும். மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பாறைமேல் கிடந்த பைப்பைப் பார்த்தார். முகத்தில் வந்த கோபத்தை அப்படியே விழுங்கிவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார்.

"ஹலோ சார்... வாட்டர்... வாட்டர் நோ கமிங் சார்."

அந்தச் சிரிப்பை நான் எந்த ஜென்மத்திலும் மறக்கப்போவதில்லை. அவருடைய தண்ணீரில் நான் குளிக்கிறேன். அவர் என்னிடம் கெஞ்சுகிறார்.

"அக்கா, தெரியாம எடுத்துட்டோம்," என்று மச்சினன் வாயைத் திறந்தான்.

அவருடைய சிரிப்பு போய்விட்டது.

"தமிழாளுங்களா நீங்க? வெள்ளக்காரன் எறங்குனா அவனுக்கு என்னா தெரியும்னு விட்டுருவேன். ஒங்களுக்குமா தெரியல? பைப்பு கெடக்குற தண்ணியில எறங்கி நொரையக் கெளப்பிக்கிட்டு நிக்கிறீங்களே, ஒங்க வூட்டுக் குடி தண்ணியில இப்புடிக் குளிப்பீங்களா?"

"ஹோட்டல் போர்டுல குளிக்கலாம்னு போட்டிருக்குக்கா."

"அவனா இந்தத் தண்ணியக் குடிக்கிறான்? அவன் போத்தல்ல குடிக்கிறான். நாங்க பதினாறு வூடு இதத்தான் குடிக்கிறோம். கீழ சாவு வூடு. பக்கத்துக் காம்பரா அண்ணன் போயிட்டாரு. நீர்மால எடுக்கக் கொடத்தோட பீலிக்குப் போனா ஒரு சொட்டுத் தண்ணி வரல. மகன் கொடத்தக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறான். ரெண்டு மணிக்கிப் பொணத்த எடுக்கணும். குளிப்பாட்ட என்னாத்த ஊத்துறது?"

செத்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போகும் ஊர்வலம்தான் நீர்மாலை. தப்பு முன்னால் போகும். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து ஒரு வெள்ளை வேட்டியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடிப்பார்கள். அதன் அடியில் பிள்ளைகள் குடத்தோடு நடந்து பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவார்கள். பீலி என்றால் லயத்துக்குப் பொதுவாகத் தண்ணீர் விழுகிற இடம். வீட்டில் டிரம்மில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது ஆகாது. அன்றைக்கு, அந்த நேரத்தில், ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். என் அப்பாவுக்கு நான் அப்படி எடுத்திருக்கிறேன்.

"எந்த ஊரு நீங்க?" என்று அவர் கேட்டார்.

"கொழும்பு," என்றேன்.

மச்சினன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. லயத்து ஆள் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் பைப்பின் வாயைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கல்லைத் தூக்கி வைத்தார். "இனி இது சும்மா வராது. காத்துப் பூந்திருச்சி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே இறங்கினார். நான் காற்சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, சட்டையை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டும் கையுமாக அவருக்குப் பின்னால் ஓடினேன். மச்சினன் மூட்டைகளோடு குளத்தடியிலேயே நின்றுவிட்டான்.

மேலே ஐந்து நிமிடம் பைப்பை எடுத்தால் கீழே ஒரு பொழுதுக்குத் தண்ணீர் போய்விடும். காற்று உள்ளே போய் மேடான இடங்களில் நின்றுகொள்ளும். ஒவ்வொரு மூட்டாகக் கழற்றி, வாயால் உறிஞ்சி, தண்ணீரை இழுத்துக்கொண்டு வர வேண்டும். முதல் மூட்டில் அவர் பட்டையை அவிழ்த்து, பைப்பை வாயில் வைத்து உறிஞ்சினார். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயின. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் உறிஞ்சினார். இருமல் வந்துவிட்டது.

"குடுங்கக்கா," என்று வாங்கி நான் உறிஞ்சினேன். சேறும் இலைத் தூளும் வாய் நிறைய வந்தன. துப்பினேன். பின்னாலேயே தண்ணீர் வந்தது. மூட்டைச் சேர்த்து, பட்டையை இறுக்கி, கடைசிச் சுற்றை உள்ளே செருகினேன். அடுத்து பைப் ஒரு பாறைமேல் ஏறி இறங்கியது. விரல் முட்டியால் பைப்பைத் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே பைப்பைத் தோளுக்கு மேல் தூக்கி, உதறி, அடுத்த மூட்டைக் கழற்றிவிட்டேன். காற்று உஸ்ஸென்று போனது. நான் எதையும் யோசிக்கவில்லை, கை தானாகச் செய்தது. அந்த அக்கா பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசி மூட்டு பீலிக்கு நேர்மேலே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிந்தார்கள். தப்புக்காரர்கள் தப்பைத் தொடையில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் வேட்டியின் மூன்று மூலைகளைப் பிடித்திருந்தார்கள். நாலாவது மூலை தொங்கியது. அதைப் பிடித்திருந்த ஆள் வேறொரு வழியாகப் பைப்பைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று அக்கா சொன்னார். நடுவில் ஈர வேட்டியோடு மகன். அவன் இடுப்பில் வெறும் குடம்.

மூட்டைச் சேர்த்துவிட்டு நாங்கள் கீழே இறங்கினோம். பீலி இரண்டு தடவை செருமியது. பிறகு பழுப்பாகத் தண்ணீர் கொட்டியது. கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். மகன் குனிந்து குடத்தை நீட்டினான். அப்போது நுரை வந்தது. வெள்ளை வெள்ளையாக, கொத்துக் கொத்தாக, பீலியின் வாயிலிருந்து நுரை விழுந்தது. ஆப்பிள் வாசம் அந்த இடம் முழுவதும் அடித்தது.

"பொறு தம்பி. மொதத் தண்ணி வேணாம்," என்று அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

என்ன நுரை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவர்கள் நுரை வடிகால் கானுக்குள் போய் முடியும்வரை குடத்தோடு அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கு வருகிற தண்ணீரில் எது வந்தாலும் அது போய் முடியும்வரை காத்திருப்பதற்கு அவ்வளவு பழகிப்போயிருந்தார்கள். எனக்கு அந்தப் பலகையைப் பிடுங்கி யார் தலையிலாவது போட வேண்டும் போல இருந்தது. யார் தலையில் என்று யோசித்தால், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவன் நான்தான்.

அதற்குள் ஒரு பெரியவர் லயத்திலிருந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் துவாயால் துடைத்து, எனக்குப் பின்னால் போட்டார்.

"சார் ஒக்காருங்க. சார்தான் தண்ணியக் கொண்டாந்து விட்டதுங்களாம்."

நான் ஹெல்மெட்டை மட்டும் அதன்மேல் வைத்துவிட்டு நின்றேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"கொழும்புல எந்த லயம் ஒங்களுக்கு?"

என் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். வட்டவளைப் பக்கம் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"அப்ப ஒங்களுக்கு எதுக்குக் கதிர?" என்று அதை ஒரு கையால் ஓரமாக இழுத்துப் போட்டார். "செருப்பக் கழட்டிட்டு வாங்க. வேட்டிக்கு ஒரு ஆளு கொறையிது."

தண்ணீர் தெளிந்திருந்தது. மகன் குடத்தை நிரப்பித் தோளில் வைத்தான். தப்பு மறுபடியும் தொடங்கியது. நான் நாலாவது மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவரின் வீட்டைப் பார்த்து வெறுங்காலோடு நடந்தேன். வாசல் வரைக்கும் என் தலையிலிருந்து அந்த ஆப்பிள் வாசம் வந்துகொண்டே இருந்தது.